ஆயிரம் டிராக்மா அபராதம்

நாடகம் பார்க்கப் போனவர்களைப் பற்றிச் சரித்திரம் எழுதிவிடலாம். போகாதவர்களைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். போனவனுக்கு டிக்கெட்டு அடிக்கட்டை இருக்கிறது. வசூல் கணக்கு இருக்கிறது. மறுநாள் பத்திரிகையில் விமரிசனம் வருகிறது. போகாதவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் ஏன் வரவில்லை என்று யாரும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை.

ஆயினும் நடந்துகொண்டிருக்கும் ஒரு யுத்தத்தைப் பற்றி, அதிலும் அரசியல் கலந்து, ஒரு படம் வந்தால் ஜனங்கள் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்பது படமுதலாளிகளின் பாலபாடம். காரணம் கேட்டால், "கஷ்டத்தை மறக்கத்தானே ஸார் ஜனங்கள் வருகிறார்கள்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்தப் பதில் எனக்குத் திருப்தி அளித்ததில்லை. கஷ்டத்தை மறக்க வருகிறவர்கள் என்றால், தாயும் பிள்ளையும் பிரிந்து மூன்று மணி நேரம் கதறுகிற படங்கள் நூறு நாள் ஓடியது எப்படி? அழுவதற்குக் காசு கொடுக்க ஜனங்கள் எந்தக் காலத்திலும் தயங்கியதில்லை. வேறு எதற்கோ தயங்குகிறார்கள்.

அது என்ன என்று பார்க்க நான் கொஞ்சம் தூரம் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது. இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் என்றால் வாசகர் பயப்படக்கூடாது. கதை சின்னதுதான்.

கி.மு. 499-ல் சின்ன ஆசியாவின் கடற்கரையில் இருந்த கிரேக்க நகரங்கள் பாரசீகச் சக்கரவர்த்திக்கு எதிராகக் கலகம் செய்தன. கலகத்துக்குத் தலைமை மைலீட்டஸ் நகரம். அந்நகரத் தலைவன் அரிஸ்டாகோரஸ் கடல் தாண்டி வந்து உதவி கேட்டான். ஸ்பார்ட்டாவில் ராஜா கையை விரித்துவிட்டான். ஏதென்ஸில் ஜனசபை கூடியது, கேட்டது, உணர்ச்சிவசப்பட்டது, 20 கப்பல்களை அனுப்பத் தீர்மானித்தது. ஸ்பார்ட்டாவில் ஒரு மனிதனை ஏமாற்ற முடியாதவன் ஏதென்ஸில் முப்பதினாயிரம் பேரைச் சுலபமாக ஏமாற்றிவிட்டான் என்று ஹெரடோட்டஸ் இந்த இடத்தில் லேசாகக் குத்திவிட்டுப் போகிறார். மைலீட்டஸ்காரர்கள் ஏதென்ஸ்வாசிகளுக்கு அந்நியர்கள் அல்லர். இரு சாராரும் அயோனியர் என்ற ஒரே குலம். நடுவில் கடல் கிடந்ததே ஒழிய, தாய்வீடு ஏதென்ஸ்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டவர்கள்.

கப்பல்கள் போயின. 498-ல் ஸார்டிஸ் நகரம் தீப்பற்றி எரிந்தது. திரும்புகிற வழியில் பாரசீகர்களிடம் பலமான அடி விழுந்தது. அவ்வளவுதான், ஏதென்ஸ் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதன்பின் மைலீட்டஸிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து மன்றாடியும் அசையவில்லை. 494-ல் மைலீட்டஸ் விழுந்தது. ஆண்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். பெண்டு பிள்ளைகள் அடிமைகளானார்கள். உயிர் தப்பியவர்களை வெகுதூரம் நடத்திக்கொண்டு போய், டைக்ரிஸ் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் குடியேற்றினார்கள். இன்றைய தேசப்படத்தில் பார்த்தால் அது ஈராக்கின் தென்கோடி. இந்த ஈராக்கை வாசகர் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்து ஓரிரு வருஷங்களுக்குள் பிரினிகஸ் என்ற நாடகாசிரியர் மைலீட்டஸின் வீழ்ச்சியை நாடகமாக எழுதி ஏதென்ஸில் மேடையேற்றினார். கொட்டகை முழுவதும் கதறி அழுதது. நாடகாசிரியனுக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஏதென்ஸ்வாசிகள் பிரினிகஸுக்கு 1000 டிராக்மா அபராதம் போட்டார்கள். இனிமேல் இந்த நாடகத்தை எவரும் நடிக்கக்கூடாது என்றும் உத்தரவு பிறப்பித்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில்கூடத் தேர்ந்த தச்சனுக்கு நாட்கூலி ஒரு டிராக்மாதான் என்று கணக்கு இருக்கிறது. ஆகவே அபராதம் லேசானதல்ல. நாடகம் இன்று கிடைக்கவில்லை; அபராதத் தொகை மட்டும் கிடைக்கிறது.

என்ன குற்றத்துக்காக அபராதம்? தங்கள் சொந்தத் துன்பத்தை ஞாபகப்படுத்தினான் என்பதற்காக என்று ஹெரடோட்டஸ் சொல்கிறார். இந்த 'சொந்த' என்ற வார்த்தையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விழுந்தது மைலீட்டஸ், ஏதென்ஸ் அல்ல. அப்புறம் சொந்தத் துன்பம் எப்படி? உறவுக்காரர்கள் என்பதால் சொந்தம் என்று உரைகாரர்கள் சொல்லுவார்கள். எனக்கு அந்த 20 கப்பல்கள்தான் ஞாபகம் வருகின்றன. கை தூக்கி அனுப்பியவர்களும் அவர்கள்தான், கை கழுவித் திருப்பி அழைத்தவர்களும் அவர்கள்தான். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அந்த இரண்டு நாளும் சபையில் இருந்திருப்பார்கள். மேடையில் மைலீட்டஸின் பெண்கள் அலறியபோது, எல்லோருடனும் சேர்ந்து அழுதுவிட்டு, பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர்கள் வீடு திரும்பியிருக்க வேண்டும். இது என் ஊகம். நாவல் எழுதுகிறவனுக்கு இவ்வளவு சலுகை உண்டு என்று நினைக்கிறேன்.

இதே ஏதென்ஸ்வாசிகள் யுத்த நாடகமே வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. கி.மு. 472-ல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' நாடகத்தை அரங்கேற்றினார். ஸலாமிஸ் கடற்போர் நடந்து எட்டே வருஷம். ஜனங்கள் முதல் பரிசு கொடுத்தார்கள். அது நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்துள்ள கிரேக்க சோக நாடகங்களில் அதுவே பழையது. கதை நடப்பது எதிரியின் அரண்மனையில். அழுகிறவர்கள் எதிரிகள். கொட்டகையில் இருந்தவர்கள் அந்த அழுகைக்குக் காரணமான வெற்றிவீரர்கள். எதிரியின் துக்கத்தைப் பார்த்து உருகவும் செய்யலாம், பெருமைப்படவும் செய்யலாம். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒரே தாவாக 1916-க்கு வருகிறேன். நடுவில் எத்தனையோ யுத்தங்கள். ஆனால் சினிமா இல்லை.

1916 ஜூலை முதல் தேதி பிரான்ஸில் ஸோம் நதிக்கரையில் பிரிட்டிஷ் படைகள் தாக்குதலைத் தொடங்கின. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் மாண்டனர். காயம்பட்டோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் 57,000-க்கு மேல். மாலின்ஸ், மெக்டவல் என்ற இரண்டு படப்பிடிப்பாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் எடுத்த படம் ஆகஸ்டு 21-ந் தேதி லண்டனில் 34 கொட்டகைகளில் வெளியாகியது. சண்டை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நவம்பர் வரை நடந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, படத்தில் சிரித்துக்கொண்டு போகிற சிப்பாய்கள் அங்கே செத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகளில் தினமும் பத்தி பத்தியாக இறந்தவர் பெயர்ப் பட்டியல்.

படமுதலாளியின் பாலபாடத்தின்படி இந்தப் படத்துக்கு ஈ, காக்கை வந்திருக்கக்கூடாது. ஆறு வாரத்தில் 2 கோடி டிக்கெட்டு விற்றது என்று கணக்கு. பிரிட்டனின் ஜனத்தொகையே அப்போது நாலரைக் கோடிக்குக் கிட்டத்தட்டத்தான். டர்ஹாம் நகரத்துப் பெரிய பாதிரியார் ஒருவர், இறந்தவர்களைக் காட்டிக் காசு பண்ணுவதா என்று கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். அவருக்கு மறுப்பு எழுதியவர்களில் மகனை யுத்தத்தில் பறிகொடுத்த ஒருவர் இருந்தார். தாம் இரண்டு முறை அந்தப் படத்தைப் பார்த்ததாக அவர் எழுதினார்.

ஏன் இரண்டு முறை? அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். இன்றைக்கும் அது பார்க்கக் கிடைக்கிறது. முக்கால்வாசி நேரம் சிப்பாய்கள் படப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். தொப்பியை ஆட்டுகிறார்கள், இளிக்கிறார்கள், ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். கொட்டகைக்கு வந்த ஜனங்கள் யுத்தத்தைப் பார்க்க வரவில்லை. முகம் தேடி வந்தார்கள். அடுத்த வரிசையில் நம் பையன் வருவானோ, அதற்கடுத்த வரிசையில் வருவானோ என்று தேடினார்கள். அகழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாய்கிற புகழ்பெற்ற காட்சி உண்மையில் பின்னணியில் ஒரு பயிற்சி மைதானத்தில் ஜோடித்து எடுத்தது என்பது பிற்பாடு தெரியவந்தது. ஆனால் முகங்கள் ஜோடித்தவை அல்ல.

இதோடு நிறுத்திக்கொண்டால் என் கட்சிக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் 1917 ஜனவரியில் டாங்கிகளைக் காட்டும் இரண்டாவது படம் வந்தபோது கூட்டம் இருந்தது. அதே வருஷம் ஜூனில் மூன்றாவது படம் வந்தபோது ஜனங்கள் வரவில்லை. சர்க்கார் பெரிய படம் எடுப்பதை விட்டுவிட்டு வாராந்தரச் செய்திப்படத்துக்கு மாறியது. அப்போதும் பையன்கள் அங்கேதான் இருந்தார்கள், முகங்களும் இருந்தன. அலுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அரசியல் இருந்தால் ஓடாது என்பதும் முழு உண்மையல்ல. 1950 ஜூனில் கொரியா யுத்தம் மூண்டது. அமெரிக்காவில் ஸாமுவேல் புல்லர் என்பவர், தாமே உலக யுத்தத்தில் காலாட்படைச் சிப்பாயாக இருந்தவர், பத்து நாளில் ஒரு படத்தை எடுத்து முடித்தார். 'தி ஸ்டீல் ஹெல்மெட்' என்று பெயர். செலவு ஒரு லட்சம் டாலர் சொச்சம். கொரியா என்று காட்டியதெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்று. டாங்கி ஒட்டுப்பலகையில் செய்தது. 1951 தொடக்கத்தில், அமெரிக்கப் படை கடுங்குளிரில் அடிபட்டுப் பின்வாங்கியிருந்த சமயத்தில், படம் வெளிவந்தது. அதில் ஓர் அமெரிக்க ஸார்ஜண்ட், கையில் ஆயுதமில்லாத போர்க்கைதியைச் சுட்டுக் கொல்கிறான். கைதியோ சாவதற்கு முன்னால் அமெரிக்க நீக்ரோச் சிப்பாயிடம், உங்கள் ஊரில் பஸ்ஸில் உனக்கு எந்த இடம் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வைக்கிறான். இதைவிட அரசியல் வேண்டுமா? ராணுவத் தலைமையகம் புல்லரைக் கூப்பிட்டு விசாரித்தது. ஜனங்களோ கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போட்ட பணத்துக்குப் பல மடங்கு வந்தது.

அந்தப் படத்தில் குற்றம் இருக்கிறது. ஆனால் குற்றவாளி திரையில் இருக்கிறான். அழுக்குத் தாடியும் கடித்த சுருட்டுமாக நிற்கிறான். அவனை வெறுக்கலாம், பரிதாபப்படலாம், நம் ஆள் என்று தோளில் கை போட்டுக்கொள்ளலாம். காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து யாரும் விரல் நீட்டவில்லை.

வியட்நாம் யுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதைப்பற்றி எழுதாதவர்கள் இல்லை. யுத்தம் உச்சத்தில் இருந்த 1968-ல் ஜான் வெயின் 'தி கிரீன் பெரே' என்று ஒரு படம் எடுத்தார். ராணுவத்தின் பூரண ஒத்துழைப்போடு, ஜார்ஜியா மாகாணத்துப் பைன் மரங்களுக்கு நடுவே. கடைசிக் காட்சியில் வியட்நாம் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் அஸ்தமிக்கிறது. வியட்நாமின் கடல் கிழக்கே இருக்கிறது! விமரிசகர்கள் கிழித்தெறிந்தார்கள், படம் நன்றாகவே ஓடியது. அதற்குப் பின் பத்து வருஷம் பெரிய கம்பெனிகள் அந்தப் போர்க்களத்தின் பக்கமே போகவில்லை. ஆனால் 1970-ல் 'மாஷ்' என்ற படம் வந்து சக்கைப்போடு போட்டது. கொரியா யுத்தத்து ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் டாக்டர்கள் அடிக்கும் கூத்து. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது வியட்நாம் என்று தெரியும். தெரியாதவன் போல் சிரிக்க கொரியா என்ற முகமூடி வசதியாக இருந்தது. பின்னால் அதுவே தொலைக்காட்சித் தொடராகி, மூன்று வருஷம் நடந்த யுத்தத்தைப் பற்றிப் பதினொரு வருஷம் ஓடியது. வியட்நாமை வியட்நாம் என்றே சொல்லிப் பெரிய படங்கள் வர 1978 ஆயிற்று. ஸைகோன் விழுந்து மூன்று வருஷம் கழித்து.

இப்போது ஈராக். மைலீட்டஸின் அகதிகளைக் கொண்டுபோய் விட்ட அதே நதிமுகத்துக்கு அருகில்தான் 2003 மார்ச்சில் அமெரிக்கப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் எல்லை கடந்து நுழைந்தன. அதற்கு முந்திய அக்டோபரில் அமெரிக்க ஸெனட் சபை 77-க்கு 23 என்று அனுமதி கொடுத்திருந்தது. யுத்தம் தொடங்கியபோது கருத்துக் கணிப்புகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சரி என்றார்கள். பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்றார்கள், தேடினார்கள், இல்லை. 2007 வந்தபோது பாதிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் இந்த யுத்தம் தவறு என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் மிக அதிகமாக மாண்ட வருஷமும் அதுதான்.

அந்த வருஷத்துப் பிற்பகுதியில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யுத்தம் தவறு என்று ஜனங்களே சொல்கிறபோது, தவறு என்று சொல்லும் படம் ஓடாமல் போகுமா? நியாயமான கணக்கு. 'லயன்ஸ் பார் லாம்ப்ஸ்' என்ற படத்தில் ராபர்ட் ரெட்போர்டு, டாம் குரூஸ், மெரில் ஸ்ட்ரீப் மூவரும் இருந்தும் அமெரிக்காவில் ஒன்றரைக் கோடி டாலர்தான் வசூல். ஆட்களைப் பிடித்து அந்நிய தேசச் சிறைகளுக்கு அனுப்பிச் சித்திரவதை செய்வதைக் காட்டிய 'ரெண்டிஷன்' அங்கே ஒரு கோடியைத் தொடவில்லை. 'இன் தி வாலி ஆப் ஏலா' 70 லட்சத்தை எட்டவில்லை. பிரையன் டி பால்மாவின் 'ரெடாக்டட்' வெனிஸ் விழாவில் சிறந்த டைரக்டருக்கான பரிசு பெற்றது. எடுக்க ஆன செலவு 50 லட்சம் டாலர். அமெரிக்காவில் வந்தது ஒரு லட்சம்கூட இல்லை.

இவற்றில் பாதி, நல்ல படங்கள் அல்ல என்று சொல்லிவிடுவது என் கடமை. 'லயன்ஸ் பார் லாம்ப்ஸ்' உபந்நியாசம்; மனிதர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வாதம் செய்கிறார்கள். எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் ஏலா படத்தை அப்படித் தள்ள முடியாது. ஓய்வுபெற்ற ராணுவப் போலீஸ்காரர் ஒருவர். டாமி லீ ஜோன்ஸ் நடித்திருக்கிறார். ஈராக்கிலிருந்து திரும்பிய மகனைக் காணோம். தேடிப் போகிறார். மகன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றது யார் என்று துப்புத் துலக்குகிறபோதே, மகனின் கைப்பேசியில் எடுத்த படத் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. மகன் அங்கே என்ன செய்தான் என்பதும் தெளிகிறது. கடைசியில் அந்தக் கிழவர், வாழ்நாளெல்லாம் கொடியை ஒழுங்காக மடித்துப் பழகியவர், தேசியக் கொடியைத் தலைகீழாக ஏற்றுகிறார். ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்பதற்கு அது அடையாளம். அந்தக் கிழவர் கெட்டவர் அல்லர், யாரையும் ஏமாற்றாதவர், மகனைச் சிப்பாயாகப் பார்த்துப் பெருமைப்பட்டவர். அவரைத்தான் படம் கூண்டில் ஏற்றுகிறது. அவர் மாதிரிப் பெருமைப்பட்டவர்கள் பத்தில் ஏழு பேர்.

'ரெடாக்டட்' கதை வேறு. கறுப்பு மை பூசி மறைத்தது என்பது அந்தப் பெயரின் அர்த்தம். ஈராக்கில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு சிறுமியைக் கெடுத்துக் குடும்பத்தோடு கொன்ற சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டது. படத்தின் கடைசியில் ஈராக்கில் மாண்ட சாதாரண ஜனங்களின் உண்மைப் புகைப்படங்கள் வருகின்றன. சட்டச் சிக்கல் வரும் என்று, படத்தை வெளியிட்டவர்கள் அந்தப் புகைப்படங்களில் முகங்களைக் கறுப்பாக்கிவிட்டார்கள். டி பால்மா பகிரங்கமாகச் சண்டை போட்டும் பலனில்லை. 1916-ல் முகம் தேடி இரண்டு கோடிப் பேர் வந்தார்கள். இங்கே வந்த சொற்பப் பேருக்கும் காட்ட முகமில்லை.

ஏன் இப்படி என்பதற்கு அமெரிக்காவில் நிறையக் காரணம் சொன்னார்கள். தினமும் தொலைக்காட்சியில் பார்த்து அலுத்துவிட்டது என்றார்கள். அது உண்மையே. ஒரு படத்தை யோசித்து, எழுதி, எடுத்து, கொட்டகைக்குக் கொண்டுவர இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் யுத்தம் வேறு மாதிரியாகிவிடுகிறது. படம் செய்தியாகவும் இல்லாமல் சரித்திரமாகவும் இல்லாமல் ஆறின கஞ்சியாகிவிடுகிறது. அதுவும் உண்மை. முடிவு தெரியாத கதை என்பதும் ஒரு காரணம்தான். தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். ஆனால் தொடர்கதைக்காரன் கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம். ஈராக்கில் கடைசி அத்தியாயம் எழுதுகிறவர் யார் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்: 1973 முதல் அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஈராக்குக்குப் போனவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். பெரும்பாலான வீடுகளில் தேடுவதற்கு ஒரு முகம்கூட இல்லை. இருந்த வீட்டுக்காரர்களுக்கோ, படத்தில் வருகிற பையன் செய்கிற காரியங்களைப் பார்க்க மனம் வராது. ஆகவே கொட்டகைக்கு வரவேண்டியவர்கள், பையனை அனுப்பாமல் சம்மதத்தை மட்டும் அனுப்பியவர்கள். நாலு வருஷத்துக்கு முன் சரி என்றவர்கள். இப்போது தவறு என்கிறவர்கள். தவறு என்று சொல்வதோடு கணக்குத் தீர்ந்தது என்று வீட்டில் இருக்கிறவர்களை, பத்து டாலர் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருட்டில் உட்காரவைத்து, "அன்றைக்கு நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டால் யார் வருவார்கள்? ஏதென்ஸில் நாடகம் சர்க்கார் விழா. ஊரே திரண்டு போகும். ஆகவே பார்த்து அழுதுவிட்டு அபராதம் போட்டார்கள். அமெரிக்காவில் பார்க்காமலே அபராதம் போட்டுவிட்டார்கள்.

இந்த என் கட்சிக்கு ஆதரவாக ஒரு சாட்சி உண்டு. 2004-ல், யுத்தம் சூடாக இருந்தபோதே, மைக்கேல் மூர் எடுத்த 'பாரன்ஹீட் 9/11' என்ற விவரணப் படம் அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்குக் கிட்டத்தட்ட வசூலித்தது. அதைவிட அரசியல் காரமான படம் கிடையாது. ஆனால் அதில் குற்றவாளி ஒருவர்தான், ஜனாதிபதி புஷ். பார்க்கப் போனவர்கள் கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் போகிற மாதிரி உற்சாகமாகப் போனார்கள்; நிரபராதிகளாகத் திரும்பி வந்தார்கள். அந்த நவம்பரில் புஷ் மறுபடியும் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

எதிர்ச் சாட்சியும் உண்டு. மறைத்தால் நியாயமல்ல. 2009-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஹர்ட் லாக்கர்' யாரையும் குற்றம் சாட்டவில்லை. வெடிகுண்டைப் பிரித்தெடுக்கும் ஒரு சிப்பாயின் பின்னால் போகிறது, அவ்வளவுதான். ஆறு ஆஸ்கார் பரிசு பெற்றது. டைரக்டர் பரிசு வாங்கிய முதல் பெண்மணி காதரின் பிகெலோ. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர்தான். ஈராக் என்ற பெயரே அதற்குள் ஜனங்களுக்குக் கசந்துவிட்டது என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை ஈராக்கிலிருந்து வெளியேறியது. மூன்று வருஷம் கழித்து கிளின்ட் ஈஸ்ட்வுட் 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' எடுத்தார். யுத்தம் ஏன் வந்தது என்ற பேச்சே அதில் கிடையாது. ஒரு முகம், ஒரு மனைவி, கடைசியில் உண்மையான சவ ஊர்வலம், தெரு நெடுகக் கொடி. 35 கோடி டாலர். அழுவதற்கு ஜனங்கள் வந்துவிட்டார்கள்.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஈராக்கியர்கள் பெரும்பாலும் சுவர் ஓரமாகத்தான் நிற்கிறார்கள். மைலீட்டஸ்வாசிகள் எழுதிய நாடகம் என்று ஒன்று இருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, அமெரிக்கர்களுக்கு நியாயம் சொல்ல நான் யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். 2002-ல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தபோது நானும் கொட்டகையில் உட்கார்ந்து அழுதவன். ஒரு குழந்தை தன்னைப் பெற்ற தாயைத் தேடிக் கடல் தாண்டிப் போகிறது; அழாமல் என்ன செய்வது? இலங்கையில் அப்போது துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த சமயம். 2009 மே மாதத்தில் வன்னியில் யுத்தம் முடிந்தது. அதே மாதம் 13-ந் தேதி நம் ஊரில் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு வாக்களித்தோம். நானும் வரிசையில் நின்று வாக்களித்தேன். விரலில் மை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அன்றைய தினசரியில் வன்னிச் செய்தி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

2011 ஜூனில் லண்டன் சேனல் 4 தொலைக்காட்சி அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி ஒரு விவரணப் படம் ஒளிபரப்பியது. அங்கே இருக்கும் என் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அதைத் தட்டில் பதிவு செய்து அனுப்பினார். அதை மேஜை டிராயரில், பழைய பேனாக்களுக்கும் மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கும் அடியில் வைத்தேன். தீபாவளி மலருக்குக் கதை கொடுக்க வேண்டியிருந்தது, பேத்திக்குக் காய்ச்சல், மழை வேறு. பார்க்காமலிருக்க ஒவ்வொரு வாரமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ஏலா படத்தின் தட்டை வாங்கி அந்த மழைக்காலத்தில்தான் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் இரண்டு மூன்று முறை டெலிபோன் செய்தார். "பாத்தனீங்களோ?" என்று கேட்பார். "இன்னும் இல்லை" என்பேன். "பரவாயில்லை, ஆறுதலாப் பாருங்கோ" என்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெதுவாக என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். இருந்தும் நம் ஊர் அர்த்தத்திலேயே அது ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, தட்டை எடுத்துப் போட்டேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து போய், வாசற்கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.